ஏட்டில் மூடியிருந்த கடல்

கேள்வி இதுதான்: "1453-ல் துருக்கியர் கான்ஸ்டாண்டிநோபிளைப் பிடித்தார்கள். மிளகு வரும் வழி அடைபட்டது, ஐரோப்பியர் கடல்வழி தேடிப் புறப்பட்டார்கள். அங்கிருந்த கிரேக்க அறிஞர்கள் ஏடுகளோடு இத்தாலிக்குப் போனார்கள், மறுமலர்ச்சி பிறந்தது. இரண்டுக்கும் ஒரே விதை என்று பள்ளியில் படித்தோம். இது எவ்வளவு தூரம் சரி?"

நானும் பள்ளியில் இப்படித்தான் படித்தேன். கேட்க அழகான கதை, நினைவில் வைப்பதும் சுலபம். ஆனால் ஆண்டுகளை வரிசையாக எழுதிப் பார்த்தால் அது நிற்காது. போர்த்துகீசியர் ஆப்பிரிக்கக் கரையில் செய்ட்டா என்ற துறைமுகத்தைப் பிடித்தது 1415-ல், கான்ஸ்டாண்டிநோபிள் விழுவதற்கு 38 ஆண்டுகள் முன்பு. கிரேக்க மொழியைப் புளோரன்ஸ் நகரத்தார் முறையாகக் கற்கத் தொடங்கியது 1397-ல், மானுவேல் கிரிசோலோராஸ் என்ற ஆசிரியரை அந்த நகரம் கான்ஸ்டாண்டிநோபிளிலிருந்து சம்பளம் பேசி வரவழைத்தபோது. அது 56 ஆண்டுகள் முன்பு. ஆக, 1453-க்கு முன்பே இரண்டும் நடக்கத் தொடங்கிவிட்டன.

மிளகின் வழியும் அடைபடவில்லை. மலபார் மிளகு அரபிக் கடலைக் கடந்து, செங்கடல் வழியாகக் கெய்ரோவுக்குப் போய், அங்கிருந்து அலெக்சாந்திரியாவில் வெனிஸ் வணிகர் கைக்கு வந்தது. இன்னொரு பங்கு பெய்ரூட்டுக்கு வந்தது. இந்த இரண்டு துறைமுகங்களும் எகிப்தை ஆண்ட மம்லூக் சுல்தான்கள் கையில் இருந்தவை. துருக்கியர் எகிப்தைப் பிடித்தது 1517-ல். அதற்கு 19 ஆண்டுகள் முன்பே வாஸ்கோ ட காமா கள்ளிக்கோட்டையில் இறங்கிவிட்டார். பின்னால் நடந்த ஒன்று முன்னால் நடந்ததற்குக் காரணமாக இருக்க முடியாது.

அப்படியானால் மறுமலர்ச்சிக்கும் கடல் பயணங்களுக்கும் தொடர்பே இல்லையா? உண்டு, ஆழமாகவே உண்டு. ஆனால் அது ஒரு கோட்டையின் வீழ்ச்சியில் இல்லை. ஒரு புத்தகத்தில் இருக்கிறது, அந்தப் புத்தகத்தின் பிழைகளிலும் இருக்கிறது. அதைச் சொல்வதற்கு முன், மாலுமிகள் ஏன் கிளம்பினார்கள் என்று பார்த்துவிடலாம். அவர்களை அனுப்பியவர்கள் கவிஞர்களோ ஓவியர்களோ இல்லை.

செய்ட்டாவில் போர்த்துகீசியர் தேடியது தங்கத்தை. சகாரா பாலைவனத்தைக் கடந்து ஒட்டகத்தில் வந்த மேற்கு ஆப்பிரிக்கத் தங்கம் அந்தக் கரைக்குத்தான் வந்து சேர்ந்தது. ஊரைப் பிடித்ததும் தங்கம் வேறு ஊருக்குத் திரும்பிவிட்டது. சரி, தங்கம் கிளம்பும் இடத்துக்கே கடல் வழியாகப் போவோம் என்று கரையோரமாகத் தெற்கே இறங்க ஆரம்பித்தார்கள். இளவரசர் ஹென்றியின் ஆட்கள் 1434-ல் பொஜடோர் முனையைத் தாண்டினார்கள். ஹென்றி 1460-ல் இறந்தார். 1469-ல் அரசர் இந்த வேலையை ஃபெர்னாவோ கோமெஸ் என்ற லிஸ்பன் வணிகருக்குக் குத்தகைக்கு விட்டார். கினி வணிகம் அவருக்கு, பதிலுக்கு ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுதோறும் 100 லீக் தூரம் புதுக் கரை காட்டித் தர வேண்டும். கடற்கரையைக் கண்டுபிடிப்பது சாலை போடும் ஒப்பந்தம் போல நடந்திருக்கிறது.

தங்கத்துக்கு முன்பே மனிதர்கள் சரக்கானார்கள். 1444 ஆகஸ்ட் 8-ம் தேதி போர்ச்சுக்கலின் தென்கரையில் லாகோஸ் என்ற ஊரில், ஆப்பிரிக்கக் கரையிலிருந்து பிடித்து வரப்பட்ட 235 பேரை ஒரு மைதானத்தில் நிறுத்தினார்கள். அரசவை வரலாற்றாசிரியர் சுராரா அதை எழுதிவைத்திருக்கிறார். கூட்டத்தை ஐந்து பங்காகப் பிரிக்க வேண்டும், அதற்காகத் தகப்பனை மகனிடமிருந்தும் கணவனை மனைவியிடமிருந்தும் பிரித்தார்கள். தாய்மார் பிள்ளைகளை இறுக்கிக்கொண்டு தரையில் குப்புற விழுந்தார்கள். இளவரசர் ஹென்றி குதிரைமேல் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்தில் ஒரு பங்கு அவருக்கு, 46 பேர். சுராரா ஹென்றியைப் புகழ்வதற்காகவே எழுதியவர். அவராலேயே அந்தக் காட்சியில் கண்ணீரை மறைக்க முடியவில்லை. 'கடற்பயணி ஹென்றி' என்று பாடப் புத்தகத்தில் படிக்கிற ஒவ்வொரு பிள்ளையும் இந்த மைதானத்தையும் சேர்த்தே படிக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

இந்த மாலுமிகளின் அறிவு எங்கிருந்து வந்தது? பெரும்பகுதி எந்த ஏட்டிலும் இல்லை, காற்றில் இருந்தது. மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் ஆண்டு முழுக்க வடகிழக்கிலிருந்து காற்று வீசும், நீரோட்டமும் தெற்கே இழுக்கும். போவது சுலபம், திரும்புவதுதான் பெரும்பாடு. முக்கோணப் பாய் கட்டிய கேரவெல் என்ற சிறு கப்பல் எதிர்காற்றில் குறுக்கும் நெடுக்குமாக ஏறிவரும், ஆனால் வாரக்கணக்கில் ஆகும். போர்த்துகீசியர் கண்ட வழி வேறு. வீடு வடக்கே இருந்தாலும், கரையை விட்டு வடமேற்கே திறந்த அட்லாண்டிக்குக்குள் துணிந்து போவது. அசோர்ஸ் தீவுகள் இருக்கும் உயரத்துக்குப் போனதும் மேற்கிலிருந்து காற்று கிடைக்கும், அது நேரே லிஸ்பனில் கொண்டுபோய் விடும். இதற்கு அவர்கள் வைத்த பெயர் 'வோல்டா டு மார்', கடலின் திருப்பம். நூறு கப்பல்கள் போய்வந்து, சில திரும்பாமல் போய், மெல்ல மெல்லப் பிடிபட்ட அறிவு. என்னைக் கேட்டால் அந்த நூற்றாண்டின் மிகப் பெரிய கண்டுபிடிப்பு இதுதான். அமெரிக்காவுக்குப் போனதும் இந்தியாவுக்குப் போனதும் இதன் மேல்தான்.

இப்போது புளோரன்ஸுக்கு வருவோம்.

கி.பி. 150 வாக்கில் அலெக்சாந்திரியாவில் தாலமி என்ற அறிஞர் கிரேக்க மொழியில் ஒரு நூல் எழுதினார். தெரிந்த உலகின் சுமார் 8,000 இடங்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் இத்தனை பாகை அட்சரேகை, இத்தனை பாகை தீர்க்கரேகை என்று எண்களாகக் கொடுத்திருந்தார். உருண்டையான உலகத்தைத் தட்டையான தாளில் எப்படி வரைவது என்ற முறையும் அதில் இருந்தது. மேற்கு ஐரோப்பா இந்த நூலை ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் பார்க்கவில்லை. கிரிசோலோராஸ் தொடங்கிய லத்தீன் மொழிபெயர்ப்பை அவருடைய மாணவர் ஜாக்கோப்போ அஞ்செலி 1410 வாக்கில் முடித்தார். பிரதி எடுத்தார்கள், பிரதியைப் பார்த்துப் பிரதி எடுத்தார்கள். அச்சு வந்த பிறகு 1477-ல் பொலோனாவில் வரைபடங்களோடு அச்சிட்டார்கள், அடுத்த ஆண்டு ரோமில், 1482-ல் உல்ம் நகரில்.

அதுவரை ஐரோப்பாவில் இருந்த வரைபடங்கள் இரண்டு வகை. ஒன்று ஜெருசலேமை நடுவில் வைத்து, வேதக் கதைகளைச் சுற்றிலும் வரைந்தது. இன்னொன்று மாலுமிகளின் தோல் வரைபடம், கரையும் துறைமுகமும் திசைக் கோடுகளும் மட்டும். தாலமி கொடுத்தது மூன்றாவது. உலகம் முழுவதற்கும் ஒரு கட்டம் போட்ட தாள். தெரியாத இடமும் அதில் கட்டமாகத்தான் இருக்கும், காலியாக, யாராவது போய் நிரப்பட்டும் என்று. மறுமலர்ச்சி கடல் பயணங்களுக்குக் கொடுத்த பெரிய கொடை அந்தக் காலிக் கட்டம்தான் என்பது என் கருத்து.

தமிழ் வாசகருக்கு இந்த நூலில் சொந்தமான பக்கங்கள் உண்டு. முசிறி, கொற்கை, காவிரியின் பெயர் தாங்கிய துறைமுகம், பாண்டியன் தலைநகரான மதுரை, சோழர்களின் உறையூர் எல்லாம் கிரேக்க உச்சரிப்பில் அதில் இருக்கின்றன. ரோமானியப் பொன்னோடு மிளகுக்கும் முத்துக்கும் வந்த வணிகர்கள் சொன்ன செய்தி அது. 15-ம் நூற்றாண்டில் அந்த நூலை வாங்கிப் படித்த ஒரு புளோரன்ஸ்காரர் மதுரையின் பெயரை விரலால் தொட்டுப் பார்த்திருக்க முடியும், கொலம்பஸ் பிறப்பதற்கு முன்பே.

ஆனால் படம் தப்பு. தாலமியின் உலகில் இந்தியத் தீபகற்பமே இல்லை. கரை கிட்டத்தட்ட நேராகக் கிழக்கே போகிறது, அதன் கீழே இலங்கை இந்தியாவுக்கே சமமான ஒரு மாபெரும் தீவாகக் கிடக்கிறது. அதைவிடப் பெரிய தப்பு ஒன்று உண்டு. ஆப்பிரிக்காவின் தென்பகுதி கிழக்கே வளைந்து நீண்டு ஆசியாவோடு போய் ஒட்டிக்கொள்கிறது. நடுவில் இந்தியப் பெருங்கடல் ஒரு பெரிய ஏரியாக மூடிக் கிடக்கிறது. இந்தப் படத்தை நம்பினால் லிஸ்பனிலிருந்து கள்ளிக்கோட்டைக்குக் கப்பல் போகவே முடியாது.

நம்பாதவர்களும் இருந்தார்கள். நிக்கோலோ டி கோன்டி என்ற வெனிஸ் வணிகர் சுமார் 25 ஆண்டுகள் கிழக்கு நாடுகளில் சுற்றினார். விஜயநகரத்தைப் பார்த்தவர், மயிலாப்பூரையும் முத்துக் குளிக்கும் காயலையும் பற்றிச் சொன்னவர். உயிருக்குப் பயந்து வழியில் கிறிஸ்தவத்தைக் கைவிட நேர்ந்ததால், திரும்பி வந்து பாப்பரசரிடம் மன்னிப்புக் கேட்டார். அவர் சொன்னதைக் கேட்டு லத்தீனில் எழுதிவைத்தவர் போஜ்ஜோ பிராச்சோலினி. ஐரோப்பிய மடங்களின் பரண்களில் பழைய ரோமானிய ஏடுகளைத் தேடி எடுத்த அதே மனிதர். பழைய ஏட்டைத் தேடிய கை, உயிரோடு வந்த வணிகனின் வாய்ச்சொல்லையும் மதித்து எழுதியிருக்கிறது. இந்த இடம் எனக்கு மிகவும் பிடித்தமானது. வெனிஸில் ஃப்ரா மவுரோ என்ற துறவி 1450-களில் போர்ச்சுக்கல் அரசருக்காக வரைந்த உலகப் படத்தில் இந்தியப் பெருங்கடலைத் திறந்தே விட்டார். தாலமியை ஏன் பின்பற்றவில்லை என்று படத்திலேயே காரணம் எழுதினார்.

இனி கொலம்பஸ். உலகம் தட்டை என்று எல்லோரும் சொன்னார்கள், அவர் மட்டும் உருண்டை என்றார் என்ற கதையை விட்டுவிடுங்கள், அது 19-ம் நூற்றாண்டில் பரவிய கட்டுக்கதை. படித்தவர்கள் எல்லோருக்கும் உலகம் உருண்டை என்று தெரியும். வாக்குவாதம் அளவைப் பற்றியது.

கொலம்பஸ் ஏடு படித்து ஏமாந்தவர். புளோரன்ஸ் மருத்துவரும் கணித அறிஞருமான பவுலோ டோஸ்கனெல்லி 1474-ல் லிஸ்பனிலிருந்த ஒரு பாதிரியாருக்கு எழுதிய கடிதத்தில், மேற்கே நேராகப் போனால் சீனம் தூரமில்லை என்றார். அந்தக் கடிதத்தின் பிரதியை கொலம்பஸ் தன் புத்தகம் ஒன்றில் எழுதிவைத்துக்கொண்டார். அவர் படித்த புத்தகங்கள் இன்றும் செவில் நகர நூலகத்தில் இருக்கின்றன. அதில் ஒன்றின் ஓரங்களில் மட்டும் ஏறக்குறைய 900 குறிப்புகள். தனக்குச் சாதகமான வரி வந்தால் பக்கத்தில் கை வரைந்து விரல் நீட்டிக் காட்டுகிற வாசகர் அவர்.

அவர் போட்ட கணக்கு இது. உலகின் சுற்றளவை 360 பாகையாகப் பிரித்தால், ஒரு பாகைக்கு 56⅔ மைல் என்று அல்ஃபர்கானி என்ற அரபு வானியலாளர் சொல்லியிருந்தார். அது நீளமான அரபு மைல். கொலம்பஸ் அதைக் குட்டையான இத்தாலிய மைலாக எடுத்துக்கொண்டார். உலகம் அங்கேயே கால்பங்கு சுருங்கி, சுமார் 30,000 கிலோமீட்டர் சுற்றளவுக்கு வந்துவிட்டது. உண்மையில் அது 40,000. அடுத்து, ஸ்பெயினிலிருந்து கிழக்கே சீனம் வரை நிலம் எவ்வளவு? தாலமி 180 பாகை என்றார், அதுவே அதிகம். தாலமி தவறென்று தள்ளிவிட்ட மரினஸ் என்ற பழைய புவியியலாளர் 225 என்றிருந்தார். கொலம்பஸ் மரினஸைப் பிடித்துக்கொண்டார். மார்கோ போலோ சொன்ன தூரத்தையும் ஜப்பானையும் அதன் மேல் கூட்டினார். மிச்சமிருந்த கடல் எழுபது பாகைக்கும் குறைவு. கேனரி தீவுகளிலிருந்து ஜப்பான் சுமார் 4,500 கிலோமீட்டர் என்று முடிவுக்கு வந்தார். உண்மைத் தூரம் ஏறத்தாழ 20,000.

லிஸ்பனில் அரசர் இரண்டாம் ஜோவாவோவின் நிபுணர்களும், ஸ்பெயினில் தலவேரா தலைமையிலான குழுவும் இந்தத் திட்டத்தை நிராகரித்தார்கள். அவர்களைப் பழமைவாதிகள் என்று எழுதுவது அநியாயம். அவர்கள் கணக்குத்தான் சரி. நடுவில் யாரும் எதிர்பார்க்காத ஒரு கண்டம் இருந்திராவிட்டால் மூன்று கப்பல்களும் நடுக்கடலில் தண்ணீரில்லாமல் செத்திருக்கும். 1492 அக்டோபர் 12-ம் தேதி அவர் கண்ட கரை ஆசியா என்றே 1506-ல் இறக்கும் வரை நம்பினார். ஒன்று மட்டும் சொல்ல வேண்டும்: ஏட்டுக் கணக்குத் தவறினாலும் அவர் காற்றைச் சரியாகப் படித்தவர். போகும்போது கேனரிக்கு இறங்கி வடகிழக்குக் காற்றைப் பிடித்தார், வரும்போது வடக்கே ஏறி மேற்குக் காற்றைப் பிடித்தார். அது லிஸ்பன் மாலுமிகளிடம் கற்ற திருப்பம்.

கொலம்பஸுக்கு நான்கு ஆண்டுகள் முன்பு, தாலமியின் மூடிய கடலை ஒரு போர்த்துகீசிய மாலுமி திறந்துவிட்டார். பார்த்தலோமியு டயஸ் 1488-ன் தொடக்கத்தில் கரையை விட்டுத் தெற்கே போய், பிறகு கிழக்கே திரும்பினார். கரையைக் காணவில்லை. வடக்கே திரும்பினால் கரை வலப்பக்கமாக, கிழக்கே ஓடுகிறது. ஆப்பிரிக்காவின் அடிமுனையைப் பார்க்காமலேயே தாண்டியிருந்தார். களைத்த மாலுமிகள் இனி வர மாட்டோம் என்று சொல்லித் திரும்பும் வழியில்தான் அந்த முனையைக் கண்டார்கள். நாம் நன்னம்பிக்கை முனை என்கிறோமே, அது.

அந்தச் செய்தி புளோரன்ஸ் வந்ததும் நடந்ததைக் கண்ணால் பார்க்கலாம். ஹென்ரிகஸ் மார்டெல்லஸ் என்ற ஜெர்மானியர் புளோரன்ஸில் வரைபடம் வரைந்து பிழைத்தவர். 1490 வாக்கில் அவர் வரைந்த உலகப் படம் ஒன்று லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. அடிப்படை தாலமிதான்: அதே தட்டை இந்தியா, அதே பெரிய இலங்கை. சுற்றிலும் அழகான சட்டம். ஆனால் தெற்கே டயஸ் கொண்டுவந்த கரையை வரைய இடம் போதவில்லை. மார்டெல்லஸ் என்ன செய்தார் தெரியுமா? ஆப்பிரிக்காவைச் சட்டத்தைத் தாண்டி இழுத்துவிட்டார். நிலம் ஓரப் பட்டையின் மேல் ஏறி நிற்கிறது. அந்தப் படத்தை முதன்முதலில் பார்த்தபோது நான் வெகுநேரம் அந்த மூலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். உங்கள் கேள்விக்கு ஒரே படத்தில் பதில் வேண்டுமென்றால் அது இதுதான்.

தெற்கே போகப் போக இன்னொரு சிக்கல் வந்தது. நிலநடுக்கோட்டை நெருங்கும்போது துருவ நட்சத்திரம் அடிவானத்தில் மறைந்துவிடும். எவ்வளவு தெற்கே வந்திருக்கிறோம் என்று பிறகு சூரியனை வைத்துத்தான் சொல்ல முடியும். நண்பகலில் சூரியன் எத்தனை பாகை உயரத்தில் நிற்கிறது என்று அளந்து, அன்றைய தேதிக்கு அது நிலநடுக்கோட்டிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்ற அட்டவணையோடு சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். அந்த அட்டவணைக்கு மூலம் ஆபிரகாம் சகூட்டோ என்ற யூத வானியலாளர் சலமான்காவில் எபிரேய மொழியில் எழுதிய நூல். அவருடைய மாணவர் ஜோசே விசினோ அதை மொழிபெயர்க்க, 1496-ல் போர்ச்சுக்கலின் லெய்ரியா நகரில் அச்சானது. காமா 1497 நவம்பரில் தென்னாப்பிரிக்கக் கரையில் இறங்கியதும் செய்த முதல் வேலைகளில் ஒன்று, மூன்று சாண் விட்டமுள்ள மர ஆஸ்ட்ரோலேப் என்ற கோணம் அளக்கும் கருவியை முக்காலியில் தொங்கவிட்டுச் சூரியனை அளந்தது. ஆடுகிற கப்பலில் அளவு சரியாக வராது. அதே நேரத்தில் அட்டவணையைக் கொடுத்த சகூட்டோ எங்கே? 1492-ல் ஸ்பெயின் யூதர்களை விரட்டியது, போர்ச்சுக்கலுக்கு வந்தார். 1497-ல் போர்ச்சுக்கல் யூதர்களைக் கட்டாயமாக மதம் மாற்றியது, துனிசுக்குத் தப்பி ஓடினார்.

காமாவின் பயணத்தை நம்மவர்கள் பலமுறை எழுதியிருக்கிறார்கள், நான் இரண்டு எண்களை மட்டும் சொல்கிறேன். கிழக்கு ஆப்பிரிக்காவின் மலிந்தியிலிருந்து 1498 ஏப்ரல் 24-ம் தேதி, அங்கே ஏற்றிக்கொண்ட ஒரு வழிகாட்டியோடு கிளம்பினார். போர்த்துகீசிய வரலாற்றாசிரியர் பாரோஸ் அவரைக் குஜராத்தி முஸ்லிம் என்கிறார். தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கும் நேரம். 23 நாளில் மலபார் மலைகள் தெரிந்தன. திரும்பும்போது வழிகாட்டி இல்லை, காத்திருக்கப் பொறுமையும் இல்லை. அக்டோபர் 5-ம் தேதி, வாடைக்காற்று நிலைகொள்ளும் முன்பே, கோவாவுக்குத் தெற்கே உள்ள அஞ்சதீவை விட்டுக் கிளம்பினார்கள். அதே கடலைக் கடக்க மூன்று மாதத்துக்கு மூன்று நாள் குறைவு. ஈறு வீங்கிப் பல் மூடும் ஸ்கர்வி நோயில் முப்பது பேர் செத்தார்கள். ஒரு கப்பலுக்கு ஏழெட்டுப் பேர்தான் வேலை செய்யும் நிலையில் மிஞ்சினார்கள். 23 நாளுக்கும் 89 நாளுக்கும் உள்ள வித்தியாசம்தான் நம் கடலோடிகளின் அறிவு. எந்தக் கப்பலோட்டியும் அந்த மாதத்தில் கிளம்ப மாட்டான் என்று கள்ளிக்கோட்டைத் துறையில் யாரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள். ஆகவே 'கண்டுபிடித்தார்' என்ற சொல்லைக் காமாவுக்குப் போடும்போது எனக்குக் கை தயங்கும். அந்தக் கடல் ஏற்கெனவே வணிகச் சாலையாக இருந்தது. கள்ளிக்கோட்டை அரசர் சாமூத்திரிக்கு அவர் கொண்டுபோன பரிசு: 12 துண்டுக் கோடு போட்ட துணி, சில தொப்பிகள், நாலு சரம் பவளம், ஆறு கைகழுவும் பாத்திரம், சர்க்கரை, எண்ணெய், தேன். மெக்காவிலிருந்து வரும் ஏழை வணிகன்கூட இதைவிட அதிகம் கொடுப்பானே என்று அரண்மனை அதிகாரிகள் சிரித்ததாகப் பயணக் குறிப்பிலேயே இருக்கிறது.

மறுமலர்ச்சி இத்தாலியின் பணமும் இந்தக் கப்பல்களில் ஏறியது, அதையும் சொல்லாமல் விடக்கூடாது. புளோரன்ஸைச் சேர்ந்த பார்த்தலோமியு மார்க்கியொன்னி லிஸ்பனில் குடியேறி, மதெய்ரா தீவின் கரும்புச் சர்க்கரையிலும் ஆப்பிரிக்க அடிமை வணிகத்திலும் பெரும் பணக்காரரானவர். 1500-ல் கப்ரால் என்ற போர்த்துகீசியத் தளபதியின் தலைமையில் இந்தியாவுக்குப் போன கப்பல்களில் ஒன்றில் அவருக்குப் பங்கு உண்டு. இன்னொரு புளோரன்ஸ்காரர் அமெரிகோ வெஸ்புச்சி, மெடிச்சி குடும்பத்தின் வணிகப் பிரதிநிதியாகச் செவிலுக்கு வந்தவர். 1501-02-ல் பிரேசில் கரையோரம் போய்வந்து, இது ஆசியா இல்லை, முன்னோர் அறியாத ஒரு புதிய உலகம் என்ற செய்தியை லொரென்சோ டி பியர்ஃபிரான்செஸ்கோ மெடிச்சிக்கு எழுதினார். போட்டிசெல்லியின் 'வசந்தம்' ஓவியம் தொங்கியது இதே லொரென்சோவின் வீட்டில்தான். ஒரே மனிதர் ஓவியத்துக்கும் புரவலர், கடல் கடிதத்துக்கும் உரியவர்.

அந்தக் கடிதம் அச்சாகி ஐரோப்பா முழுவதும் பரவியது. 1507-ல் சென்-தியே என்ற சிற்றூரில் மார்ட்டின் வால்ட்ஸீமுல்லர் 12 தாளில் ஒரு பெரிய உலகப் படம் அச்சிட்டு, தெற்கில் இருந்த புதுக் கண்டத்தின் மேல் 'அமெரிக்கா' என்று எழுதினார். படத்தின் உச்சியில் இரண்டு உருவங்கள். ஒருபுறம் பழைய உலகைப் பார்த்தபடி தாலமி, மறுபுறம் புதிய உலகைப் பார்த்தபடி வெஸ்புச்சி. 1,350 ஆண்டு இடைவெளி விட்ட இருவரையும் சமமாக நிற்க வைத்திருக்கிறார். தாலமியைத் தூக்கி எறியவும் மனமில்லை, அவரோடு நிற்கவும் முடியவில்லை.

இந்தியாவின் முக்கோணம் சரியாகத் தெரியும் படம் ஒன்றுக்கும் கதை உண்டு. போர்ச்சுக்கல் தன் கடல் படங்களை ரகசியமாக வைத்திருந்தது. 1502-ல் ஃபெராரா பிரபுவின் ஆள் அல்பெர்ட்டோ கான்டினோ 12 தங்க டூக்கட் கொடுத்து ஒரு நகலை லிஸ்பனிலிருந்து கடத்தி வந்தார். கள்ளிக்கோட்டையில் இறங்கி நான்கே ஆண்டுகளில் தாலமியின் தட்டைக் கரை போய், நாம் அறிந்த கூர்முனை வந்துவிட்டது. 1859-ல் மொடெனாவில் நடந்த கலவரத்தில் அந்தப் படம் அரண்மனையிலிருந்து காணாமல் போய், பிறகு ஓர் இறைச்சிக் கடையில் கிடைத்தது.

ஏட்டைவிடக் கண்ணை நம்பலாம் என்ற துணிவு மெல்ல வளர்ந்ததும் இந்தப் பயணங்களால்தான். இயேசு சபைத் துறவி ஹோசே டி அகோஸ்டா பெருவுக்குப் போகும் வழியில் நிலநடுக்கோட்டைக் கடந்தார். அங்கே வெயில் மனிதரைச் சுட்டுவிடும் என்று அரிஸ்டாட்டில் எழுதியிருந்தார். அகோஸ்டாவுக்குக் குளிரெடுத்தது, வெயிலில் போய் நின்றார். அப்போது அரிஸ்டாட்டிலையும் அவர் தத்துவத்தையும் நினைத்துச் சிரித்தேன் என்று 1590-ல் வெளியான தன் நூலில் எழுதினார்.

அவருக்கு முன்பே கோவாவில் இன்னொருவர் இதைச் செய்திருந்தார். கார்சியா டா ஓர்டா போர்த்துகீசிய மருத்துவர், சலமான்காவில் படித்தவர், 1534-ல் இந்தியா வந்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் இங்கேயே இருந்தார். இந்து, முஸ்லிம் மருத்துவர்களிடம் கேட்டும், சந்தையில் வாங்கியும், தோட்டத்தில் வளர்த்தும் மிளகு, இஞ்சி, பெருங்காயம், மாம்பழம் என்று ஒவ்வொன்றையும் பற்றி உரையாடல் வடிவில் ஒரு நூல் எழுதினார். 1563-ல் கோவாவில் அச்சானது. அதில் ஐரோப்பாவிலிருந்து புதிதாக வந்த ஒரு பண்டிதர் பழைய கிரேக்க மருத்துவர்களை மேற்கோள் காட்டிக்கொண்டே இருப்பார். ஓர்டா ஓரிடத்தில், டயஸ்கோரிடஸ், கேலன் பெயர்களைச் சொல்லி என்னைப் பயமுறுத்தாதீர்கள், உண்மையையும் எனக்குத் தெரிந்ததையும் தவிர வேறு எதையும் நான் சொல்லப் போவதில்லை என்பார். இன்னோரிடத்தில், ரோமானியர் நூறு ஆண்டுகளில் அறிந்ததைவிட இப்போது போர்த்துகீசியர் மூலம் ஒரே நாளில் அதிகம் தெரிந்துகொள்கிறோம் என்பார்.

ஓர்டாவும் சகூட்டோவைப் போல யூதக் குடும்பத்தில் பிறந்தவர். 1568-ல் இறந்தார். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1580-ல், ரகசியமாக யூத மதத்தைப் பின்பற்றியவர் என்று கோவா சமய விசாரணை மன்றம் தீர்ப்பளித்து, அவர் எலும்புகளைக் கல்லறையிலிருந்து தோண்டி எடுத்து எரித்தது.